கருப்பட்டிக் கம்பெனிக்கு வரியும் கணக்கும்

(திருச்செந்தூரில் கூட்டமைப்பு உறுப்பினர்களுக்கான பயிற்சி நாளில் ஆற்றிய உரை)



சாப்பாட்டுக்கு முன்னாடி கணக்குப் பாடம் வச்சது யாருன்னு தெரியலை. பசி நேரத்துல பேசுதேன், பொறுத்துக்கிடுங்க.

உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைச்ச பிறகு, நாமளே ஒரு உற்பத்தியாளர் கம்பெனி ஆரம்பிச்சு வாங்கி விக்கலாம்னு பேச்சு வந்திருக்கு. ஆளுக்கு ஆயிரம் ரூபாய் பங்கு. ஐநூறு பேர் சேந்தா அஞ்சு லட்சம். மீன் வித்து, ஓலைப்பெட்டி முடைஞ்சு, நூறு நாள் வேலைக்குப் போய்ச் சேத்த பணம் அது. அது எங்கே போகுது, எப்படித் திரும்பி வருதுன்னு படிக்கத் தெரியாம பங்கு போடக் கூடாது. அதுக்குத்தான் இந்தப் பேச்சு.

குழுக் கணக்கு உங்களுக்கு அத்துபடி. தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பொதுப் பேரேடு, கடன் பேரேடு எல்லாம் ஊக்குநரும் பிரதிநிதியும் வருஷக்கணக்கா எழுதிக்கிட்டுதான் இருக்கீங்க. குழுவில் இருக்கிற பணம் நம்ம பணம். கம்பெனி அப்படி இல்லை. பதிவான அன்னையிலிருந்து சட்டத்தின் கண்ணில் அது தனி ஆள். அதுக்குத் தனியா பான் எண், தனி வங்கிக் கணக்கு, தனிக் கடன், தனி வரி. தலைவியே ஆனாலும் கம்பெனிப் பணத்தில் நூறு ரூபாய் எடுத்து ஆட்டோவுக்குக் கொடுத்தா வவுச்சர் வேணும்.

இது நம்ம மாவட்டத்துக்குப் புதுசும் இல்லை. 1906-ல் தூத்துக்குடியில் வ.உ.சி. ஆரம்பிச்ச சுதேசிக் கப்பல் கம்பெனியும் பங்கு போட்டுப் பதிவு பண்ணின கம்பெனிதான். பங்கு ஒண்ணுக்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு, பத்து லட்சம் முதல். 1911-ல் அது கலைக்கப்பட்டுப் போச்சு. ஆனா வரையறுத்த பொறுப்புன்னா என்னன்னா, பங்குக்கு உண்டான பணத்தை முழுசாக் கட்டினவருக்குப் போகக்கூடியது அந்த 25 ரூபாய்தான். கம்பெனி வாங்கின கடனுக்கு அவர் வீட்டை எழுதி வாங்க முடியாது. நம்ம ஆயிரத்துக்கும் அதே கதைதான். இயக்குநரா உக்காருதவங்க மட்டும் கூடுதல் கவனமா இருக்கணும். அதைப் பின்னால சொல்லுதேன்.

இப்போ ஒரு கணக்குப் போடுவோம். எழுதிக்கிடுங்க.

அஞ்சு லட்சத்துக்கு, கிலோ 250 ரூபாய் வீதம் 2,000 கிலோ கருப்பட்டி வாங்கியாச்சு. மார்ச் 31-க்குள்ள 1,200 கிலோவை 320 ரூபாய்க்கு வித்தாச்சு. வித்த தொகை 3,84,000. அதில் 84,000 கடைக்காரங்க கடன், இன்னும் வரலை. வாடகை, கூலி, பேக்கிங்குக்கு 50,000 கொடுத்தாச்சு. ஆடிட்டர் பீஸ் 20,000 கொடுக்கணும், கொடுக்கலை.

கையில் எவ்வளவு இருக்கு? கடையிலிருந்து வந்த மூணு லட்சத்தில் செலவு 50,000 போக, இரண்டரை லட்சம். ரொக்கப் புத்தகம் மட்டும் பாத்தா வயிறு கலங்கும். அஞ்சு போட்டோம், பாதிதான் இருக்கு, மீதியை யாரோ சாப்பிட்டாச்சுன்னு கூட்டத்தில் சண்டை வரும். இந்தச் சண்டை எத்தனை ஊர்ல வந்திருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

கம்பெனிக் கணக்கு வேற மாதிரி பாக்கும். வித்த 1,200 கிலோவுக்கு அசல் விலை மூணு லட்சம். அதை 3,84,000-ல் கழிச்சா 84,000. கொடுத்த செலவு 50,000, கொடுக்க வேண்டிய 20,000, ரெண்டையும் கழிச்சா லாபம் 14,000. பணம் வந்தது வராததுன்னு பாக்காம, அந்த வருஷத்து வரவு அந்த வருஷத்துலயே, அந்த வருஷத்துச் செலவு அந்த வருஷத்துலயே எழுதணும். கம்பெனிச் சட்டம் அப்படித்தான் கேக்குது, இரட்டைப் பதிவு முறையில்.

சரியான்னு பாக்க ஒரு வழி இருக்கு. ரொக்கம் 2,50,000, கடை பாக்கி 84,000, குடோன்ல 800 கிலோ இருப்பு 2,00,000. ஆக 5,34,000. ஆடிட்டருக்குக் கொடுக்க வேண்டிய 20,000 போனா 5,14,000. நாம போட்ட அஞ்சு லட்சமும் லாபம் 14,000-மும் அதுதான். யாரும் சாப்பிடலை.

இந்த 800 கிலோதான் கம்பெனிக்கு உயிர். மார்ச் 31 ராத்திரி குடோனைத் திறந்து எடை போட்டு, எழுதி, கையெழுத்து வாங்கணும். அசல் விலை, இப்போ விக்கிற விலை, ரெண்டில் எது குறைவோ அதைப் போடணும். ஈரம் பட்டு இளகின கருப்பட்டியை 250-ன்னு எழுதி வச்சா அது லாபம் இல்லை, பொய்.

அடுத்து வரி. தனி ஆளுக்கு ஒரு எல்லை வரைக்கும் வருமான வரி கிடையாது. கம்பெனிக்கு அந்த எல்லையே இல்லை, முதல் ரூபாய் லாபத்திலிருந்தே வரி. நம்மைப் போலச் சின்னக் கம்பெனிக்கு 25 சதவீதமும், அந்த வரி மேல 4 சதவீத செஸ்ஸும்னு வச்சா, 14,000-க்கு 3,640 ரூபாய். சலுகைகளை விட்டுக் கொடுக்கிற 22 சதவீத வழியும் உண்டு. சர்சார்ஜும் செஸ்ஸும் சேத்தா அதுவும் 25-ஐ ஒட்டித்தான் வரும். எது நல்லதுன்னு ஆடிட்டர் ரெண்டையும் போட்டுக் காட்டணும், கேளுங்க. நஷ்டம் வந்த வருஷத்திலும் ரிட்டர்ன் போடணும். நேரத்துக்குப் போட்டாத்தான் அந்த வியாபார நஷ்டத்தை எட்டு வருஷம் வரைக்கும் வருகிற லாபத்தில் கழிக்கலாம்.

ஜி.எஸ்.டி.ல நம்ம சரக்குக்கு ஒரு வேடிக்கை உண்டு. ஓலைக்கொட்டானில் சில்லறையா நிறுத்துக் கொடுக்கிற கருப்பட்டிக்கு வரி இல்லை. அதையே எடை, விலை அச்சடிச்ச பாக்கெட்டில் போட்டா 5 சதவீதம். 2022 ஜூலை 18-லிருந்து இப்படி. தமிழ்நாட்டில் சரக்கு விக்கிறவங்க மொத்த விற்பனை வருஷம் 40 லட்சத்தைத் தாண்டினாத்தான் பதிவு. ஆனா வரி உள்ள பாக்கெட்டைப் பெங்களூருக்கு வித்தா 40 லட்சக் கணக்கு செல்லாது, முதல் பார்சலுக்கு முன்னாடியே பதிவு எடுக்கணும். பதிவு எடுத்தா விற்பனை இல்லாத மாசத்துக்கும் ரிட்டர்ன் உண்டு. அதனால லேபிள் அடிக்கக் கொடுக்குமுன்னே இதைத் தீர்மானத்தில் பேசி முடிவு பண்ணுங்க.

டி.டி.எஸ். பத்திச் சுருக்கமா: பீஸ், வாடகை, காண்ட்ராக்ட் கூலி குறிப்பிட்ட அளவைத் தாண்டினா, கம்பெனி வரியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கொடுக்கணும். பிடிச்சதை அடுத்த மாசம் 7-ம் தேதிக்குள் கட்டணும். அது கம்பெனிப் பணமே இல்லை, கை வைக்கக் கூடாது.

ரொக்கத்தில் ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல கொடுத்தா அந்தச் செலவை வரிக் கணக்கில் ஒத்துக்க மாட்டாங்க. காய்ச்சுறவங்ககிட்டயே நேரா வாங்கினா விலக்கு உண்டு, இடையில் இருக்கிற வியாபாரிக்குக் கிடையாது. அதே மாதிரி, குழுவில் கைமாத்துக் கொடுக்கிற பழக்கத்தில் கம்பெனிக்கு 20,000-மோ அதுக்கு மேலயோ ரொக்கமாக் கடன் கொடுத்துடாதீங்க. வங்கி வழியாத்தான்.

இனி இயக்குநர்களுக்கு. விற்பனை எவ்வளவு சின்னதா இருந்தாலும் கம்பெனிக்கு ஆடிட் கட்டாயம். உற்பத்தியாளர் கம்பெனிக்கு அதுபோக உள் தணிக்கையும் உண்டு. பதிவாகி 30 நாளில் முதல் ஆடிட்டரை நியமிக்கணும், 90 நாளில் முதல் பொதுக்கூட்டம். வருஷா வருஷம் நிதி அறிக்கையும் ஆண்டு அறிக்கையும் கம்பெனிப் பதிவாளருக்குப் போகணும். தாமதமானா படிவம் ஒண்ணுக்கு நாளைக்கு 100 ரூபாய். ரெண்டு படிவம், ஒரு வருஷம் தூங்கிட்டா 73,000. எழுபத்து மூணு அக்காமாரோட பங்குப் பணம், ஒரு கிலோ கருப்பட்டி வாங்காமலே காலி. மூணு வருஷம் தொடர்ந்து போடலைன்னா இயக்குநர்கள் அஞ்சு வருஷத்துக்குத் தகுதி இழப்பாங்க. வரி பாக்கியை வசூல் பண்ண முடியாமப் போனா இயக்குநரைத் தேடி வரவும் சட்டத்தில் இடம் இருக்கு. அதனால "சும்மா பேருக்கு இருங்க மதினி"ன்னு யாராவது கூப்பிட்டா, கையெழுத்துப் போடுமுன்னே கணக்கைக் காட்டச் சொல்லுங்க.

சாப்பாட்டுக்குப் பிறகு குழுக்குழுவா உக்காந்து இதே கணக்கை 300 ரூபாய் விற்பனை விலை வச்சுப் போட்டுப் பாக்கப் போறோம். அப்போ லாபமா நஷ்டமான்னு இப்பவே யோசிச்சு வையுங்க. கால்குலேட்டர் போன்ல இருக்கு, பேனா மட்டும் எடுத்துட்டு வாங்க.