நோயுற்ற இளைஞருக்குத் தோழமை

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நோயாளியைப் பார்க்கப் போகும்போது நாம் பழங்கள் கொண்டு போகிறோம். திருநீறும் கொண்டு போகிறோம். அவனோடு மனம்விட்டுக் கதைப்பதற்குரிய துணிவையும் கொண்டு போகிறோமா? இதுவே இன்று நான் கேட்க வந்த கேள்வி.

மிஷன் பாடசாலையிலே என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவனுக்கு, உயர்தர வகுப்பில் இரத்தப் புற்றுநோய் கண்டது. கிளிநொச்சியிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால், மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றார்கள். காலைக் கூட்டத்தில் அவனுக்காகப் பிரார்த்தித்தோம். ஆனால் ஒருவரேனும் அவனோடு பேசவில்லை. என்ன பேசுவதென்ற பயம். மாதங்கள் கழித்து அவன் என்னிடம், "ஊசி பழகிவிட்டது, நீங்கள் கதைக்காததுதான் பழகவில்லை" என்றான். நான் தலைகுனிந்து நின்றேன்.

சிகிச்சையை இடையில் விட்டுவிட எண்ணியிருந்தான் அவன். அவனைத் தடுத்தது, அதே நோயிலிருந்து மீண்ட மட்டக்களப்பு இளைஞன் ஒருவனின் தொலைபேசி அழைப்பு. உதிர்ந்த முடி மீண்டும் வளரும் என்று வைத்தியர் முன்பே சொல்லியிருந்தார். ஆயினும் அந்த இளைஞன் திரையிலே தன் தலையைக் காட்டியபோதே இவன் நம்பினான்.

இம்முறை புதியதன்று. 1905ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்னும் வைத்தியர், ஏழைச் சயரோகிகளை வாரந்தோறும் ஒன்றுகூட்டினார். ஒருவர் உடல் தேறியதைக் கண்டு மற்றவர் தைரியம் பெற்றனர். ஆனால் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையின்போது நோயெதிர்ப்புச் சக்தி குன்றுவதால், கூட்டத்திலே கலப்பது ஆபத்து. சிலவகைகளில் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீள்கிறது. அந்தத் தனிமையில் கைத்தொலைபேசி கிருமியைச் சுமக்காமல் நண்பனைக் கொண்டுவருகிறது.

செல்வந்த நாடுகளிலே புற்றுநோய் கண்ட சிறுவரில் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேல் குணமடைகின்றனர். வறிய நாடுகள் பலவற்றில் முப்பதின்மர்கூட இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிகிச்சையை இடையிலே கைவிடுதல் அதற்கொரு காரணம். ஆகவே தோழமை என்பது வெறும் ஆறுதலன்று. உயிர் காக்கும் உதவியுமாகும்.

2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை 670 கிலோமீற்றர் நடந்து நிதி திரட்டினார்கள். அதன் பயனாகத் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்து, 2013இல் திறக்கப்பட்டது. கட்டடம் எழுப்ப அவர்கள் நடந்தார்கள். கட்டிலில் கிடப்பவனோடு கதைக்க நாம் நடக்கவும் வேண்டியதில்லை.

ஆனால் ஒழுங்கு வேண்டும். நோயிலிருந்து மீண்டவர்களே முதல் வழிகாட்டிகளாகட்டும். நாம் அவர்களுக்குத் துணை நிற்போம். வைத்தியரின் ஆலோசனையும், சிறுவராயின் பெற்றோரின் சம்மதமும் பெறுவோம். மருந்து சொல்வது நம் வேலையன்று. பச்சிலை வைத்தியமும் சொல்லலாகாது. கேட்டதை வெளியிடோம், படத்தை முகநூலில் போடோம். பொய் நம்பிக்கை கொடோம். உயிரை வெறுத்து ஒருவர் பேசினால், அன்றே பொறுப்பானவரிடம் அறிவிப்போம். தவறிய பாடக்குறிப்புகளை அனுப்புவோம். வறிய குடும்பத்தின் தொலைபேசிச் செலவைச் சங்க நிதி ஏற்கட்டும்.

மூத்தோருக்கு ஒரு விண்ணப்பம். பெண்பிள்ளைக்கு நோய் வந்தால், கல்யாணம் தடைப்படுமென்று அஞ்சி அவளை அறைக்குள் மறைக்காதீர்கள். புற்றுநோய் தொற்றுநோயன்று. அவளுக்கும் தோழியர் வேண்டும்.

என் நண்பன் இன்று சுகமாயிருக்கிறான். முல்லைத்தீவுச் சிறுவன் ஒருவனோடு வாரம் ஒரு மாலை தொலைபேசியில் கதைக்கிறான். அன்று நான் செய்யத் தவறியதை இன்று அவனோடு சேர்ந்து செய்ய எண்ணியுள்ளேன். உங்களில் எவர் எம்மோடு சேர விரும்புகிறீரோ, கூட்டம் முடிந்தபின் செயலாளரிடம் பெயரைக் கொடுத்துச் செல்லுமாறு பணிவுடன் கேட்டு அமைகின்றேன்.