கற்கைநெறிக்கு ஒரு விளம்பரப் படம்



வானொலியில் படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் ஒருவருக்கேனும் காட்ட இயலாத ஒரு பொருளைப் பற்றி ஒலிவாங்கியின் முன்னமர்ந்து பேசுவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும் அதில் ஒரு பயன் உண்டு. அஃது யாதென்பதைப் பேச்சின் முடிவில் கூறுவேன்.

முன்னாளில் சந்திச் சுவரிலும் மின்கம்பத்திலும் ஒட்டப்பட்ட ரியூட்டரி விளம்பரங்களை நாம் அனைவரும் அறிவோம். இன்று அவை நம் உள்ளங்கைக்கே வந்துவிட்டன. கைத்தொலைபேசியைத் திறந்தால், ஆங்கிலம் பேசலாம், கணினி பழகலாம், கணக்கியல் கற்கலாம் என்று ஒன்றன்பின் ஒன்றாக விளம்பரப் படங்கள் வந்து நிற்கின்றன. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னர் இணையவழிக் கற்கைநெறிகள் நம் நாட்டில் பெருகின. அவற்றை நடத்துவோரிற் பலர் இளம் ஆசிரியர்கள். கற்பிக்கத் தெரிந்த அவர்களுக்குத் தம் கற்பித்தலைப் பிறர்க்கு அறிவிக்கும் வகையை எவரும் கற்பிக்கவில்லை. எனக்கும் எவரும் கற்பிக்கவில்லை. தவறு செய்து கற்றுக்கொண்ட சிலவற்றையே இன்று சொல்லவிருக்கிறேன்.

தொலைவிலிருப்போருக்குக் கற்பிப்பதாக விளம்பரம் செய்வது புதிய வழக்கமன்று. 1728ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பொஸ்ரன் நகரப் பத்திரிகையொன்றில் காலெப் பிலிப்ஸ் என்பவர், நாட்டுப்புறத்தில் வாழ்வோர்க்கும் வாரந்தோறும் தபால் மூலம் சுருக்கெழுத்துக் கற்பிக்க முடியும் என்று அறிவித்தார். 1919இல் மக்ஸ்வெல் சக்கெய்ம் என்னும் விளம்பர எழுத்தாளர், ஷெர்வின் கோடி என்பாரின் ஆங்கிலத் தபால் கற்கைநெறிக்கு ஒரு விளம்பரம் எழுதினார். ஆங்கிலத்தில் இன்னின்ன பிழைகளை நீர் செய்வதுண்டா என்று அவ்விளம்பரம் வாசகரை வினவியது. வினவியதோடு நில்லாமல், மக்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகள் சிலவற்றையும் அவற்றின் திருத்தங்களையும் அவ்விடத்திலேயே காட்டியது. பணம் செலுத்தாமலே வாசகர் ஒரு சிறு பாடத்தைப் பெற்றுக்கொண்டார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்த விளம்பரம் வெளிவந்துகொண்டிருந்தது. இச்செய்தியை நினைவில் வைத்திருங்கள்; பின்னர் இதற்கு வருவேன்.

2021ஆம் ஆண்டில், எங்கள் பாடசாலையின் பழைய மாணவர்கள் சிலர் ஒரு நற்பணியைத் தொடங்கினார்கள். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு வேலை தேடும் இளைஞர்க்கும் யுவதிகளுக்கும் இணையவழியில் ஆங்கிலம் கற்பிப்பது அவர்கள் நோக்கம். சனிக்கிழமை தோறும் மாலையில் ஒன்றரை மணி நேரமாக 12 வாரங்கள் என்பது ஏற்பாடு. அதற்குரிய விளம்பரப் படத்தை ஆக்கும் பொறுப்பை நானும் ஓர் ஆசிரியரும் ஏற்றோம்.

நாங்கள் ஆக்கிய முதற்படத்தை உங்களுக்கு விவரிக்கிறேன். மேலே பாடசாலை இலச்சினை. அதன் இருமருங்கும் சங்கத் தலைவரினதும் என்னுடையதும் படங்கள். நடுவே பாடசாலைக் கட்டடம். அதன்மேல் பதினொரு வரிகளில் கற்கைநெறியின் நோக்கம், நேரம், கட்டணம், விதிமுறை, அநுசரணையாளர் பெயர்கள். எழுத்துக்கள் மஞ்சள், சிவப்பு, பச்சை என மூன்று நிறங்கள். என் மேசைக் கணினியின் அகன்ற திரையில் அது மிக அழகாகவே இருந்தது. ஒரு வாரத்தில் சேர்ந்தவர்கள் 7 பேர்.

காரணத்தை எனக்கு உணர்த்தியவர் எங்கள் பாடசாலையின் சிற்றூழியர். அவருடைய மகனுக்கு இக்கற்கைநெறி பொருத்தமாயிற்றே, ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டேன். அவர் தம் தொலைபேசியை எடுத்து என்னிடம் நீட்டினார். திரையில் ஒரு கீறல். படமோ ஒரு தீப்பெட்டியளவு. என் முகம் ஒரு புள்ளி. கட்டணம் எவ்வளவு என்பதை மூக்குக்கண்ணாடி அணிந்தும் என்னால் வாசிக்க முடியவில்லை. நாங்கள் எங்களுக்காகவே அந்தப் படத்தை ஆக்கியிருந்தோம் என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று.

ஆகவே முதலாவது நெறி இது. படத்தை ஆக்குபவர் அதனைத் தம் கணினியில் மட்டும் பார்த்துத் திருப்தியடையலாகாது. வாசகர் பார்க்கும் அளவிலேயே, இயன்றால் நண்பகல் வெயிலில் பேருந்துத் தரிப்பிடத்தில் நின்றே பார்க்க வேண்டும். வாட்ஸ்அப் வழியே அனுப்பப்படும் படம் சுருக்கப்பட்டே செல்கிறது. சிறிய எழுத்துக்கள் அவ்வேளையில் மேலும் சிதைகின்றன. யூரியூப் தளத்திற்கான முகப்புப் படத்தை 1280க்கு 720 என்னும் புள்ளியளவில் ஆக்கும்படி கூறுவார்கள். ஆனால் பார்ப்போரின் திரையில் அது விரல் நீளமே இருக்கும். யூடெமி என்னும் கற்கைநெறித் தளம், கற்கைநெறியின் முகப்புப் படத்தில் எழுத்தே இருத்தலாகாது என்று தன் ஆசிரியர்களுக்கு விதி செய்திருக்கிறது. தலைப்பு படத்தின் கீழே வரத்தான் போகிறது. அதையே படத்திலும் எழுதி இடத்தை அடைப்பானேன் என்பது அதன் கருத்தாகலாம். நாம் சுற்றுக்கு விடும் படத்தில் எழுத்தைத் தவிர்க்க முடியாது. எனினும், பதினொரு வரிகளை மூன்றாகக் குறைக்கலாம். எதைக் கற்பிக்கிறோம், யாருக்கு, எப்படிச் சேர்வது என்னும் மூன்றுமே போதும். ஏனையவற்றைப் படத்தோடு அனுப்பும் குறிப்பில் எழுதலாம்.

இரண்டாவது, நிறம். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலுள்ள ஒளிவேறுபாடு சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 ஆகவும், பெரிய எழுத்துக்கு 3க்கு 1 ஆகவும் இருத்தல் வேண்டும் என்று இணையத் தளங்களுக்கான சர்வதேச நெறிமுறையொன்று வகுத்துள்ளது. இதனை அளந்து சொல்லும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வெண்மையின்மேல் மஞ்சள் எழுத்து இவ்வளவையை எட்டவே எட்டாது. கருநீலத்தின்மேல் வெள்ளெழுத்து எளிதில் எட்டும்.

மூன்றாவது, நமது மொழிக்கே உரிய சங்கடம். நம் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யும் பழக்கம் நெடுநாளாக உண்டு. அவ்வாறு தட்டச்சுச் செய்ததை யூனிக்கோட் எழுத்துருவைப் பயன்படுத்தும் இடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக்களின் குவியலே மிஞ்சும். முதலில் அதனை மாற்றியில் இட்டு யூனிக்கோடாக மாற்றிக்கொள்ள வேண்டும். போட்டோஷொப் போன்ற செயலிகளின் பழைய பதிப்புகளில், தெற்காசிய மொழிகளுக்குரிய எழுத்தமைப்பைத் தெரிவுசெய்யாவிடின் ஒற்றைக்கொம்பு ஓரிடத்திலும் அதற்குரிய எழுத்து வேறிடத்திலுமாக நிற்கும். கல்வி தருவதாகச் சொல்லும் படத்திலேயே தமிழ் சிதைந்து கிடந்தால், அந்தக் கல்வியைப் பற்றி வாசகர் என்ன எண்ணுவார்? நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கற்றமரான் முதலிய நல்ல யூனிக்கோட் எழுத்துருக்கள் விலையின்றியே கிடைக்கின்றன. ஒரு படத்துக்கு ஓர் எழுத்துரு போதும்.

இவையெல்லாம் கைத்தொழில் நுணுக்கங்கள். இவற்றை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். நான் பெரும்பிழை செய்தது இவற்றில் அன்று.

முதற்படம் பயன்படவில்லையென்று கண்டு, இரண்டாம் படம் ஒன்றை ஆக்கினோம். அதில் எழுத்துக் குறைவு, நிறம் இரண்டே. நடுவில், ஆங்கிலத்தில் அதிவிசேட சித்தி பெற்ற எங்கள் மாணவியொருத்தியின் சிரித்த முகம். அவள் பெயரையும் ஊரையும் கீழே பொறித்தோம். பிள்ளைக்குப் பெருமை என்றே எண்ணினோம். படம் வெகு விரைவாகப் பரவியது. நான்காம் நாள் அவள் தாயார் என் அலுவலகத்துக்கு வந்தார். அறிமுகமற்றவர்கள் அப்பிள்ளையின் பெயரைத் தேடிப் பிடித்து முகநூலில் செய்தி அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். அவர் என்மேற் சினந்து பேசவில்லை. "சேர், பிள்ளையின்ரை படத்தைப் போடமுந்தி என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்தானே?" என்று மாத்திரம் கேட்டார். என்னிடம் மறுமொழி இல்லை.

படத்தை அன்றே அகற்றினோம். ஆனால், கைக்குக் கை மாறிய படத்தை எவர் திரும்ப அழைக்க முடியும்? சில மாதங்களின் பின், எங்களுக்குச் சிறிதும் தொடர்பில்லாத ஒரு நிலையத்தின் விளம்பரத்தில் அதே சிரித்த முகம் வெட்டி ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டேன். அவள் அங்கே படித்தவளே அல்லள். அதைப் பார்த்த அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஏனெனில், முதலில் அம்முகத்தை வெளியே விட்டவன் நான். அன்று முதல், பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதமின்றி எந்தப் பிள்ளையின் படத்தையும் பாடசாலை வெளியிடலாகாது என்று விதி செய்துள்ளோம். சம்மதம் கிடைத்தாலும் முகம், பெயர், ஊர் மூன்றையும் ஒருங்கே தருவதில்லை.

முகம் வேண்டுமெனில் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஒரு முகத்தை உண்டாக்கிக்கொள்ளலாமே என்று இன்று சிலர் கூறுவர். அலங்காரத்துக்கு அது குற்றமன்று எனலாம். ஆனால் இல்லாத மாணவன் ஒருவனை உண்டாக்கி, 'இங்கே படித்தேன், வேலை பெற்றேன்' என்று அவன் வாயில் வார்த்தையையும் வைப்பது பச்சைப் பொய்.

பொய் என்றதும் வாக்குறுதியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் மூன்றாம் படத்துக்கு, '12 வாரங்களில் சரளமான ஆங்கிலம்' என்று ஒரு பழைய மாணவர் தலைப்பிட்டார். கற்பிக்கவிருந்த ஆசிரியை அதனை ஏற்க மறுத்துவிட்டார். "ஒன்றரை மணி நேரம் 12 வாரமென்றால் மொத்தம் 18 மணித்தியாலம். 18 மணித்தியாலத்தில் எவரைச் சரளமாகப் பேசவைக்க முடியும்?" என்று கேட்டார். நீண்ட விவாதத்தின் பின், 'நேர்முகப் பரீட்சையில் உங்களைப் பற்றி ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசப் பழகுங்கள்' என்று எழுதினோம். முன்னையதிலும் இது சிறிய வாக்குறுதி, ஆனால் காப்பாற்றக்கூடியது.

பெரிய வாக்குறுதி யாரைச் சுடும் என்பதை நான் அறிவேன். என்னிடம் படித்த ஓர் இளைஞன், பட்டமளிப்பு அங்கியும் தொப்பியும் அணிந்த உருவம் பொறித்த விளம்பரப் படமொன்றை நம்பி, தாயின் காப்புகளை ஈடு வைத்து ஒரு கணினிக் கற்கைநெறிக்குப் பணம் கட்டினான். முடிவில் கிடைத்த சான்றிதழை வேலைக்குச் சென்ற இடத்தில் எவரும் ஏற்கவில்லை. அந்தப் படத்தில் பட்டம் என்னும் சொல் எங்கும் இல்லை. அங்கியும் தொப்பியுமே இருந்தன. சொல்லாற் கூறத் துணியாத பொய்யை உருவத்தாற் கூறிவிட்டார்கள். நம் நாட்டில் தொழிற்கல்வி நிலையங்களைப் பதிவு செய்வதற்கு மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு உண்டு. தேசிய தொழிற் தகைமை என்னும் தரப்படுத்தலும் உண்டு. கற்கைநெறி அவற்றுக்கு உட்பட்டதாயின் படத்தோடு வரும் குறிப்பில் அதனைக் கூறுங்கள். உட்படாததாயின், சான்றிதழ் வருகைக்கு மட்டுமே உரியது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். பணம் கட்டும் தாய்க்கு அதை அறியும் உரிமை உண்டு.

எங்கள் மூன்றாம் படத்தில் எவர் முகமும் இல்லை. 1919ஆம் ஆண்டு விளம்பரத்தை அப்பொழுதுதான் நினைத்துக்கொண்டேன். ஒரு கோடிட்ட கொப்பித்தாள். அதில் 'ஐ ஆம் ஹாவிங் டூ பிரதர்ஸ்' என்று பொருள்படும் ஆங்கில வாக்கியம், நம் பிள்ளைகள் வழக்கமாக எழுதும் விதத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆசிரியையின் சிவப்புப் பேனா பிழையை வெட்டி 'ஐ ஹாவ்' என்று திருத்தியிருக்கிறது. கீழே மூன்று வரிகள். ஒரு தொலைபேசி இலக்கம். படத்தைப் பார்த்தவர்கள் தங்கள் பிழையைத் தாங்களே கண்டு சிரித்தார்கள்; பிறர்க்கும் அனுப்பினார்கள். முன்னர் சேர்ந்த 7 பேரோடு மொத்தம் 39 பேர் சேர்ந்தார்கள். சிற்றூழியரின் மகனும் அவர்களுள் ஒருவன்.

தொடக்கத்தில் கூறிய பயனுக்கு வருகிறேன். கண்பார்வையற்ற ஒருவர் தம் தொலைபேசி வாசித்துக் காட்டுவதைக் கேட்டே உலகை அறிகிறார். படத்துக்குள் பூட்டிய எழுத்தை அந்தக் கருவிகள் எப்பொழுதும் சரியாக வாசித்துவிடுவதில்லை. ஆகவே, படத்திலுள்ள செய்தியைப் படத்தின் கீழேயும் எழுத்தில் எழுதிவிட வேண்டும். அவ்வாறு எழுத அமரும்பொழுது ஒரு பரீட்சை தானாகவே நடக்கிறது. என் முதற்படத்தை இந்த ஒலிவாங்கியின் முன் விவரிக்க நான் எத்தனை வாக்கியம் செலவிட்டேன் என்பதை எண்ணிப் பாருங்கள். மூன்றாம் படமோ, சிவப்பு மையால் திருத்திய ஒரு கொப்பித்தாள், அவ்வளவே.

கற்கைநெறிக்குப் படம் ஆக்கும் இளம் ஆசிரியர்களே, உங்கள் படத்தை வெளியிடுமுன் அதனைக் காணாத ஒருவர்க்கு வாயாற் சொல்லிப் பாருங்கள். அவர்க்கு விளங்குகிறதா, சொன்னது முழுவதும் மெய்தானா, அதில் உள்ள முகத்துக்குரியவரின் சம்மதம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் விடை ஆம் என்றால் அனுப்புங்கள்.