முல்லோயா கோவிந்தன்

கண்டியை அடுத்த ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில், 1940 ஜனவரி 10ஆம் திகதி, கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மலையகத் தொழிற்சங்க வரலாறு அவரைத் தியாகி என்கிறது. சரிதான். ஆனால், காலையில் உயிரோடிருந்து மாலையில் இல்லாமல் போன ஒரு குடும்பத்தலைவனாகவும் அவரை நினைக்க வேண்டும். அவருக்குக் குடும்பம் இருந்ததற்கு ஆவணச் சான்றே உண்டு. துப்பாக்கிச்சூட்டை விசாரித்த ஆணைக்குழுவின் முன் வழக்கறிஞர் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடியது கோவிந்தனின் மனைவிக்காகத்தான். அக்காலத் தோட்டக் கணக்கையும் பாருங்கள். 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிர்ணயமான குறைந்தபட்சக் கூலியில் ஆணுக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. ஆகவே கணவன் போனால் பெரிய கூலி போகும். தொழிலாளர் குடியிருப்பான லயத்து அறையோ வேலை செய்பவருக்கு உரியதாக இருந்தது.

வீட்டுத் துயரைப் பேசினால் போராட்டத்தின் பொது அர்த்தம் சிறுத்துவிடும் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முல்லோயாத் தொழிலாளர்கள் கேட்டது கூலி. கூலி என்பது அடுப்படிச் சங்கதிதானே? வீட்டை விலக்கினால் அந்தக் கோரிக்கைக்கே பொருளில்லை. தியாகிகள் பட்டியலில் இடம்பெறாத மனைவிதான் அந்தக் கூலிக் கணக்கை மறுநாள் முதல் தனியே சுமந்தவர். ஜனவரி 10 அன்று கோவிந்தனை நினைவுகூரும் சங்கத்தார், அந்த மனைவியையும் ஒரு வார்த்தை சொல்லி நினைக்க வேண்டும்.