ஒண்ணோட விலையைச் சொல்லுங்க!

நடுவர் ஐயா அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணியில் உட்கார்ந்து கணக்குத் தப்பாகப் போட்டுக்கொண்டிருக்கும் சகோதரிகளே (சிரிப்பு), தாய்மார்களே, பெரியோர்களே, வால்பாறையிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்திருக்கேன். அதில் சுத்தாத தலை, எதிரணி பேச்சைக் கேட்டுச் சுத்துது! (கைதட்டல்)

'ரெண்டு வாங்கினால் ஒண்ணு இலவசம் என்ற சலுகையைக் கடைகள் நிறுத்தியது ஏழை வயிற்றில் அடித்த அடி' என்று எதிரணிச் சகோதரி கண் கலங்கினாங்க. ஒரே ஒரு கேள்வி. அந்தச் சலுகை ஏழைக்கு எப்பங்க கிடைச்சுது?

கணக்குப் பார்ப்போம். ஒரு பாக்கெட் சேமியா 60 ரூபாய்னு வெச்சுக்குங்க. ரெண்டு வாங்கினால் மூணு. 120 ரூபாய் இருக்கிறவங்களுக்கு ஒரு பாக்கெட் 40 ரூபாய். சம்பளத்துக்கு முந்தின வாரம், கொழுந்து பறிக்கிற எங்க ஊர் அக்கா கையில் 60 ரூபாய்தான் இருக்கு. அவங்களுக்கு ஒரு பாக்கெட் 60 ரூபாய்! இருக்கிறவங்களுக்குக் குறைச்சல், இல்லாதவங்களுக்குக் கூடுதல். இதுக்குப் பேரு சலுகையாங்க? (பலத்த கைதட்டல்)

சரி, கடன் வாங்கி மூணு பாக்கெட் வாங்கிட்டாங்க. எங்க வைப்பாங்க? எங்க ஊர் மழை உங்களுக்குத் தெரியும். பக்கத்துச் சின்னக்கல்லாறு, தென்னிந்தியாவிலேயே அதிகம் மழை பெய்கிற இடங்களில் ஒண்ணு. லைன் வீட்டில் பிஸ்கட் நமத்துப் போகும், ரவையில் வண்டு வரும், மாவு கட்டி தட்டிப் போகும். இலவசமா வந்த மூணாவது பாக்கெட் கோழிக்குத்தானுங்க போகும். கோழிக்கு வேணும்னா அது நல்ல சலுகை! (சிரிப்பு)

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. இங்கிலாந்தில் செயின்ஸ்பரிஸ் என்ற பெரிய அங்காடி, பெரும்பாலான பொருள்களுக்கு இப்படிப்பட்ட சலுகையை நிறுத்துவதாக 2016-இல் அறிவித்தது. அதற்குப் பதிலாக வழக்கமான விலையையே குறைப்பதாகச் சொன்னது. 2025 அக்டோபர் முதல் தேதியிலிருந்து, கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களுக்கு இந்த மாதிரிச் சலுகை தரக்கூடாது என்று அங்கே பெரிய கடைகளுக்குச் சட்டமே வந்துவிட்டது. காரணம் என்ன? தேவைக்கு மேல் வாங்க வைக்குது, தேவைக்கு மேல் தின்ன வைக்குது.

நம்ம சட்டமும் சும்மா இல்லைங்க. கொடுக்கிற பணத்திலேயே விலையைச் சேர்த்து வாங்கிக்கொண்டு 'இலவசம்' என்று எண்ண வைப்பது முறையற்ற வணிகம் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்லுது.

1967-இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி சென்னையிலும் நம்ம கோவையிலும் கொடுத்தாங்க. செலவு தாங்காமல் அது நீடிக்கலை. ஆனால் 'ரெண்டு படி வாங்கினால்தான் இந்த விலை' என்று அன்னைக்கு யாரும் சொல்லலை. 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி விலையே இல்லாமல் கிடைக்குது. அங்கேயும் கையில் பணம் அதிகமா இருக்கிறவங்களுக்கு ஒரு மூட்டை கூடுதல்னு இல்லை. சாப்பாட்டு விஷயத்தில் நியாயம் என்றால் அதுதானுங்க நியாயம்!

எதிரணியில் ஒருத்தர் சொன்னது மட்டும் உண்மை. சலுகையை நிறுத்திவிட்டு, ஒற்றைப் பாக்கெட் விலையைக் குறைக்காமல் அப்படியே வெச்சிருக்கிற கடைகள் இருக்கு. பொள்ளாச்சியில் ஒரு கடையில் நானே பார்த்தேன். இலவசம் போச்சு, 60 ரூபாய் மட்டும் போகலை! அது அநியாயம்தான். ஆனால் அந்த அநியாயத்துக்கு மருந்து பழைய சலுகை இல்லை, நியாயமான ஒற்றை விலை.

தாய்மார்களே, 'இலவசம்' என்கிற பெரிய எழுத்தைப் பார்க்காதீங்க. பொட்டலத்தில் ஒரு கிராம், ஒரு கிலோ என்ன விலைன்னு சின்ன எழுத்தில் அச்சடிச்சிருக்கும், கண்ணாடி போட்டுக்கிட்டு அதைப் பாருங்க. கடைக்காரரிடம் 'மூணு என்ன விலை?'ன்னு கேட்காதீங்க, 'ஒண்ணு என்ன விலை?'ன்னு கேளுங்க.

ஒரே ஒரு பாக்கெட் வாங்க வர்ற அந்த அக்காவும் ஏமாறாமல் வீடு போய்ச் சேரணும். அதனால் நடுவர் ஐயா, சலுகை நின்றது லாபமே, ஒற்றை விலை குறையும் வரை கேட்பது நம் கடமையே என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)