விரற்கணு உயரத்தில் ஒரு சிப்பாய்

மேசை விளக்கின் அடியில் நாடா போன்ற ஒரு துண்டு கிடக்கிறது. அதில் ஒரு பாதி நீலம், மறுபாதி மஞ்சள். இரண்டும் சேரும் நடுக்கோட்டைச் சிற்பி முதலில் கத்தியால் நறுக்கி எறிந்துவிடுகிறார். அந்த இடத்தில் இரண்டும் உறைக்குள்ளேயே தொட்டுக்கொண்டு இறுகிப்போயிருக்கும். அதில் ஒரு துணுக்கு கலவைக்குள் போனால் சிப்பாயின் கன்னத்தில் பரு போலத் துருத்தி நிற்கும். மீதியை எடுத்துப் பிசைகிறார். நீலமும் மஞ்சளும் மறைந்து ஒரே பச்சையாகிறது. சிற்றுருவம் செய்பவர்கள் இந்த எபாக்சி பசையைக் ‘கிரீன் ஸ்டஃப்’ என்றே சொல்வார்கள். பிசைந்த பிறகு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்தான் அது சொன்னபடி கேட்கும். அதற்குள் முகம் வந்தாக வேண்டும்.

முகத்துக்கு வெகு முன்பே எலும்புக்கூடு தயாராகிவிடும். தக்கையில் செருகிய மெல்லிய கம்பியை இடுப்பிலும் முழங்காலிலும் தோளிலும் வளைத்தால் நிற்கும் தோரணை கிடைத்துவிடுகிறது. முதலில் வெற்றுடம்பு. அது இறுகிய பின் கால்சட்டை. பிறகு கோட்டு, அதன்மேல் குறுக்குவார், தோட்டாப் பை, முதுகு மூட்டை. உண்மைச் சிப்பாய் காலையில் எழுந்து உடுத்திக்கொள்ளும் அதே வரிசையில் சிற்பியும் உடுத்திவிடுகிறார். ஒவ்வோர் அடுக்கும் காய்ந்தால்தான் அடுத்தது. பொறுமையில்லாமல் ஈரத்தின்மேல் ஈரம் வைத்தால், பாடுபட்டுச் செய்த மடிப்பு ஒரு விரல் பட்டு நசுங்கிப்போகும். ஊசி, பல் மருத்துவர் பயன்படுத்தும் வகைக் கொக்கி, முனையில் ரப்பர் வைத்த குச்சி, தோய்த்துக்கொள்ள ஒரு கிண்ணம் தண்ணீர். கருவிகள் இவ்வளவுதான்.

வார்கேமிங் எனப்படும் மேசைப் போர் விளையாட்டுக்கான சிற்றுருவம் இது. குன்றும் ஓடையும் அமைத்த மேசையில் இரண்டு பேர் படைகளை நிறுத்தி, அளவுநாடாவால் தூரம் அளந்து, பகடை உருட்டி மோதுவார்கள். 6 மில்லிமீட்டர் சிப்பாய்கள் உண்டு, 15 உண்டு. அதிகம் புழங்குவது 28. பாதத்திலிருந்து கண்மட்டம் வரை அளப்பது பலருடைய வழக்கம். தொப்பியும் இறகும் சிப்பாய்க்குச் சிப்பாய் மாறும், கண்மட்டம் மாறாது. 28 மில்லிமீட்டர் என்பது கட்டைவிரலின் மேல்கணு அளவு.

இங்கிலாந்தில் இந்தக் கலைக்கு ஒரு திருவிழா நாள் உண்டு. தெற்கு லண்டன் வார்லார்ட்ஸ் என்ற சங்கத்தார் 1972இல் தொடங்கிய ‘சல்யூட்’ கண்காட்சி அது. இப்போது லண்டன் துறைமுகப் பகுதியிலுள்ள எக்ஸல் மண்டபத்தில், ஒரே ஒரு சனிக்கிழமை நடக்கிறது. விற்பனைக் கடைகள், வண்ணம் தீட்டும் போட்டி, பார்வையாளர்கள் சூழ்ந்து நின்று பார்க்கும் பெரிய விளையாட்டு மேசைகள் என்று மண்டபம் நிறைந்துவிடும். அந்த ஆண்டுக் கண்காட்சிக்கென்றே ஒரு சிற்றுருவம் செய்து, வருகிறவர்களின் பையில் போட்டுக் கொடுப்பது பல ஆண்டுப் பழக்கம். கண்காட்சிக்குச் செய்வதற்கும் கடைக்குச் செய்வதற்கும் பெரிய வேறுபாடு நாள்தான். கடைச் சிப்பாய் ஒரு மாதம் தாமதித்தால் குடி முழுகிவிடாது. கண்காட்சிச் சிப்பாய் வெள்ளிக்கிழமை இரவு பைக்குள் இருந்தாக வேண்டும்.

காட்சிக்காகச் சிறு சிப்பாய்கள் செய்து வாழ்க்கையையே அதில் கரைத்த ஒருவரை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். வில்லியம் சைபோர்ன் பிரிட்டிஷ் படை அதிகாரி. 1830இல் வாட்டர்லூ போர்க்களத்தின் மாதிரியைச் செய்யும் பொறுப்பு அவருக்கு வந்தது. லா ஹே சான்ட் என்ற பண்ணை வீட்டில் எட்டு மாதம் தங்கி, மேடு பள்ளம் எல்லாவற்றையும் அளந்தார். மாலை ஏழு மணி வாக்கில் உங்கள் படைப்பிரிவு எங்கே நின்றது, எதிரே என்ன பயிர் இருந்தது என்று உயிரோடிருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதினார். அந்த ஒரு நேரத்தைத்தான் அவர் மாதிரியில் நிறுத்த விரும்பினார். வெள்ளீயமும் காரீயமும் கலந்து வார்த்த, ஒரு சென்டிமீட்டர் உயரமே கொண்ட பல்லாயிரம் சிப்பாய்களோடு 1838இல் லண்டன் எகிப்தியன் ஹாலில் அது திறக்கப்பட்டது. கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தார்கள். ஆனால் அரசு பணத்தை இடையிலேயே நிறுத்திவிட்டதால் சைபோர்ன் கடனில் மூழ்கினார். துணைக்கு வந்த பிரஷ்யப் படை களத்தில் அவ்வளவு முன்னே நிற்பதை, பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் பிரபு ஏற்கவில்லை. பின்னாளில் அந்தப் பிரஷ்யப் பொம்மைகளில் பெரும்பகுதி மேசையிலிருந்து எடுக்கப்பட்டது. ஒரு சென்டிமீட்டர் பொம்மை எங்கே நிற்கிறது என்பது ஒரு நாட்டின் தளபதியை உறுத்துமளவுக்குப் பெரிய செய்தியாக இருந்திருக்கிறது. அந்த மாதிரி இன்று லண்டன் தேசிய இராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்க்கக் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள்.

விளையாட்டாக இதைப் பரப்பியவர் கதாசிரியர் எச். ஜி. வெல்ஸ். 1913இல் வெளிவந்த ‘லிட்டில் வார்ஸ்’ என்ற சிறு நூலில் விதிகளை வகுத்தார். அவர் தரையில் பரப்பி விளையாடியவை பிரிட்டன்ஸ் நிறுவனத்தின் 54 மில்லிமீட்டர் பொம்மைகள். 1893இல் அந்த நிறுவனம் கண்டுபிடித்த வழி மிக எளிது: உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றி, ஓரம் உறைந்த கணத்தில் நடுவிலிருப்பதைத் திருப்பிக் கொட்டிவிடுவது. உள்ளே வெற்றிடம், எடை குறைவு, விலையும் குறைவு. சிறுவர்கள் படைப்பிரிவுகளையே சேர்க்க முடிந்தது அதனால்தான்.

சரி, பச்சைச் சிப்பாய்க்கு வருவோம். இவன் மூல வடிவம் மட்டுமே; இவனிலிருந்து அச்செடுத்து உலோகத்தில் பிரதிகள் வார்ப்பார்கள். 28 மில்லிமீட்டருக்கு ஏற்ப உண்மை மனிதனை 56இல் ஒரு பங்காகச் சுருக்கினால் நல்ல சிற்றுருவம் வந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். வராது. நெப்போலியன் காலத்துப் பிரிட்டிஷ் துப்பாக்கியின் குழல், வாய்ப்பக்கம் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் தடிமன். அதை 56ஆல் வகுத்தால் அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. அந்த மெல்லிய இழையில் உலோகம் ஓடி நிரம்பாது; நிரம்பினாலும் முதல் தொடுதலில் வளையும். எனவே சிற்பி அதை இரண்டு மடங்கு தடிப்பாகச் செய்கிறார். துப்பாக்கி தடித்தால் அதைப் பிடிக்கும் கையும் பெருக்க வேண்டும், கை பெருத்தால் தலையும் கொஞ்சம் பெருக்க வேண்டும். கண்குழியை உண்மையைவிட ஆழமாகத் தோண்டுகிறார். வண்ணம் தீட்டுபவர் நீர்த்த கரும்பழுப்பை ஊற்றும்போது அது ஓடிச்சென்று தங்க ஒரு குழி வேண்டுமே! கோட்டின் மடிப்புகளும் அப்படித்தான். உண்மையில் பத்து மடிப்பு இருந்தால் நான்கைத்தான் செய்வார், ஆனால் அந்த நான்கும் அழுத்தமாக இருக்கும். மேசைக்கு எதிர்ப்பக்கம் நிற்பவருக்கு, ஒரு மீட்டர் தொலைவிலிருந்து, இவன் களைத்தவனா துணிந்தவனா என்று தெரிய வேண்டும். எதை மிகைப்படுத்துவது, எதை விட்டுவிடுவது என்று அறிவதில்தான் இந்தக் கலை இருக்கிறது. பொத்தான் எண்ணிக்கையைச் சரியாகப் போட்டுவிட்டு உயிரில்லாத முகம் செய்பவர்களும் உண்டு. பொத்தான் தவறினால் மன்னிக்கலாம். முகம் செத்திருந்தால் எடுத்து விளையாடவே மனம் வராது.

அடுத்து அச்சு. பார்வையாளர் கண்ணில் படாத பாதி வேலை இங்கேதான் நடக்கிறது. வட்டத் தட்டாக வெட்டிய, இன்னும் வேகாத ரப்பர். அதில் சிப்பாயைப் பாதி புதையும்படி படுக்கவைத்து, மேலே இன்னொரு தட்டை மூடி, அழுத்தத்தில் 150 டிகிரி செல்சியஸ் வாக்கில் வேகவைப்பார்கள். பஞ்சர் கடையில் டியூபுக்குச் சூடு வைத்து ஒட்டுப் போடுவதும் இதே ரப்பர் வேதியியல்தான். வெந்த தட்டைப் பிரித்துச் சிப்பாயை எடுத்தால் அவன் வடிவத்தில் ஒரு குழி இருக்கும். நடுத்துளையிலிருந்து அந்தக் குழியின் பாதம் வரை வாய்க்கால் வெட்டுவார்கள். பிறகு முகப்பவுடர் போன்ற டால்க் தூவி, தட்டை வேகமாகச் சுழலவிட்டு, நடுவில் உருகிய உலோகக் கலவையை ஊற்றுவார்கள். சுழற்சி அதை விளிம்பை நோக்கித் தள்ளும். பழைய கலவைகளில் காரீயம் நிறைய இருந்தது. 1990களில் அதன் நச்சுத்தன்மை குறித்த கவலை எழுந்த பின் வெள்ளீயம் மிகுந்த கலவைகள் பெருகின. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு என்று நாம் சொல்வதும் இந்த வெள்ளீயத்தைத்தான். 232 டிகிரியில் உருகிவிடும், நுணுக்கமான இடங்களிலும் நன்றாக ஓடும்.

முதல் சுற்றில் எல்லாம் சரியாக வருவது அபூர்வம். வாள்முனை மொட்டையாக வந்தால் அங்கே காற்று சிக்கியிருக்கிறது என்று பொருள். வார்ப்பவர் கூரிய கத்தியால் முனையிலிருந்து மயிரிழை போன்ற ஒரு வழி கீறி, காற்று வெளியேறப் பாதை விடுவார். மீண்டும் சுற்று, மீண்டும் பார். ரப்பர் வளைந்து கொடுக்கும் என்பதால் அக்குள், தாடையின் அடி போன்ற உள்வாங்கிய இடங்களை ஓரளவு மன்னிக்கும். ஓரளவுதான், கையை உடம்பிலிருந்து நன்றாக விலக்கி இடைவெளி விட்ட சிப்பாய், ஒவ்வொரு முறையும் ரப்பரைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வருவான். ஓர் அச்சில் 20 பேருக்கு இடம் என்றும், கண்காட்சிக்கு 5,000 பேர் தேவை என்றும் வைத்துக்கொள்வோம். 250 சுற்றுகள். நடுவில் அச்சு தேய்ந்தால் புதிது வேகவைக்க வேண்டும். அனுபவமுள்ள சிற்பி முழங்கையை உடம்போடு சேர்த்து, துப்பாக்கியை மார்போடு அணைத்துச் செய்வது அழகுக்காக மட்டுமல்ல, இந்த 250 சுற்றுகளை மனதில் வைத்துத்தான். வார்ப்பறையில் ஒரு வாரம் நின்று பார்க்காதவர் நல்ல சிற்பியாவது கடினம்.

பிளாஸ்டிக்குக்கு இந்தச் சலுகையும் கிடையாது. அதை வார்க்கும் எஃகு அச்சு வளையாது. அதனால் கை, தலை, மூட்டை எல்லாவற்றையும் தனித்தனித் துண்டாக்கி, வாங்குபவரே ஒட்டிக்கொள்ளும்படி விடுகிறார்கள். கணினிக்கு முந்திய நாட்களில் சிற்பி மும்மடங்கு பெரிதாகச் செய்துகொடுக்க, பேண்டோகிராஃப் இயந்திரம் அதைத் தடவித் தடவிச் சிறிதாக்கி எஃகில் வெட்டியது.

இந்தத் தொழிலின் தலைநகரம் நாட்டிங்ஹாம். கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்ற சிற்றுருவ நிறுவனமும் அதிலிருந்து பிரிந்து வந்தவர்களும் அந்த நகரைச் சுற்றியே பட்டறை வைத்ததால் அந்த வட்டாரத்தையே ‘காரீய வளையம்’ என்ற பொருளில் அழைப்பார்கள். இரட்டையரான மைக்கேல் பெர்ரியும் ஆலன் பெர்ரியும் அங்கே பல்லாண்டு உழைத்து, பின்பு சொந்தமாகவும் நிறுவனம் தொடங்கியவர்கள். 1990களில் பிரான்ஸில் பழங்காலப் போர் ஒன்றை நடித்துக் காட்டும் நிகழ்ச்சியில், பீரங்கி எதிர்பாராமல் வெடித்து மைக்கேல் தம் வலக்கையை இழந்தார். சிற்பம் செய்துவந்த கை அதுதான். அவர் இடக்கைக்குப் பழகினார். அரை மில்லிமீட்டர் பொத்தானை வைக்க வேண்டிய தொழிலில், பல ஆண்டு பழகிய பின் கை மாற்றிக்கொள்வது எப்படிப்பட்ட உழைப்பு என்று ஊசி பிடித்தவர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் செய்த படைகளைப் பார்ப்பவர்களுக்கு எது எந்தக் கையின் வேலை என்று பிரித்துச் சொல்ல வராது.

இப்போது திரையில் செதுக்கி, ரெசின் பிரிண்டரில் அச்சிடும் காலம். புற ஊதா ஒளியில் ரெசின் அடுக்கடுக்காக இறுகுகிறது. ஓர் அடுக்கு 0.05 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. ஒரே குதிரையை ஐந்து தோரணையில் நிறுத்துவது பத்து நிமிட வேலை. இது பெரும் வரம், சந்தேகமில்லை. வீட்டு மாடியில் இருப்பவர்கூடத் தம் சிப்பாயை உருவாக்கிப் பார்க்கலாம். ஆனால் திரைக்கு ஒரு மயக்கம் உண்டு. உருப்பெருக்கிக்கொண்டே போகலாம் என்பதால் இமைமயிர் வரை செதுக்கிவிடுகிறார்கள். 28 மில்லிமீட்டருக்கு இறங்கும்போது அவ்வளவும் ஒரு பூச்சு வண்ணத்தில் மறைந்துபோகிறது. வேல்கம்பும் உண்மை அளவில் மெலிந்து, பையில் போட்டவுடன் ஒடிகிறது. கண்காட்சிக்கு ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால் பிரிண்டரை மட்டும் நம்ப முடியாது, மறுபடியும் ரப்பருக்குத்தான் வர வேண்டும். சாதாரண ரெசின் அந்த 150 டிகிரியில் நொறுங்கும். ஆகவே சூடு தாங்கும் தனி ரெசினில் அச்சிட வேண்டும், அல்லது சூடில்லாமல் இறுகும் சிலிக்கான் அச்சில் முதல் பிரதிகளை எடுத்துக்கொள்ள வேண்டும். திரையில் தொடங்கினாலும் கையை உடம்போடு சேர்த்து வைக்கிற பழைய பாடத்தை இளைஞர்கள் இப்படித்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

சனிக்கிழமை காலை மண்டபக் கதவு திறந்ததும் வரிசை நகர்கிறது. பையை வாங்கிய ஒருவர் ஓரமாக ஒதுங்கி, சிறு பிளாஸ்டிக் உறையைக் கிழித்துச் சிப்பாயை உள்ளங்கையில் கொட்டுகிறார். தோளிலிருந்து விலா வழியாக ஒரு மெல்லிய கோடு ஓடுகிறது, இரண்டு ரப்பர் தட்டுகளும் சந்தித்த இடம். அதை நகத்தால் தடவிப் பார்க்கிறார். சிற்பி அந்தக் கோட்டைக் குறுக்குவாரின் விளிம்பிலேயே ஓடவிட்டிருக்கிறார்; நான்கைந்து முறை அரம் போட்டால் போய்விடும். பிறகு முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்புகிறார்.