போதைப் பழக்கமும் பாதுகாப்பான வழங்கலும்

(வாளையாரில் எல்லைப்பகுதித் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வாளையார் என்றதும் கேரளத்தவருக்கும் தமிழ்நாட்டவருக்கும் ஒருசேர நினைவுக்கு வருவது சோதனைச்சாவடி. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் வணிகவரிச் சாவடியின் நெடிய லாரி வரிசை மறைந்துபோயிற்று. கலால் துறையின் சோதனை மட்டும் நிற்கவில்லை. எரிசாராயம், கஞ்சா, எம்.டி.எம்.ஏ. என்று அங்கே பிடிபட்டவற்றின் படங்கள் நாளேடுகளில் அடிக்கடி வருகின்றன. படத்தில் பொட்டலங்கள் இருக்கும், பிடித்த அதிகாரிகள் இருப்பார்கள், கூலிக்குக் கடத்திய இளைஞன் முகம் கவிழ்ந்து நிற்பான். முதல் போட்டவர் அப்படத்தில் இருப்பதில்லை. அப்பொருளுக்காக எங்கோ உடல் நடுங்கக் காத்துக்கொண்டிருந்தவரும் இருப்பதில்லை. முதல் போட்டவரைப் பற்றி இயக்கம் நிறையப் பேசியிருக்கிறது. காத்திருந்தவரைப் பற்றிப் பேசியது குறைவு.

2020 அக்டோபரில், கஞ்சிக்கோட்டை அடுத்த செல்லங்காவு பழங்குடிக் குடியிருப்பில் ஐந்து பேர் மாண்டனர். அவர்கள் குடித்தது தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான எரிசாராயம் கலந்த திரவம் என்ற ஐயம் அப்போதே எழுந்தது. சாவடி இருந்தது, தொழிற்பேட்டை இருந்தது, காவல்துறை இருந்தது. நஞ்சு மட்டும் எல்லாவற்றையும் கடந்து குடிசைக்குள் சென்றுவிட்டது. 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் இதுவே பன்மடங்காக நிகழ்ந்தது. கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். கருணாபுரத்தில் கலந்திருந்தது மெத்தனால்.

மெத்தனால் எப்படிக் கொல்கிறது என்பதைச் சற்று விரிவாகவே அறிந்துகொள்ள வேண்டும். அது உடலுக்குள் சென்றவுடன் கொல்வதில்லை. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதைப் பார்மால்டிஹைடாக மாற்றுகிறது, அது பின்னர் பார்மிக் அமிலமாக மாறுகிறது. பார்வை நரம்பை அழிப்பதும் மூச்சை நிறுத்துவதும் அந்த அமிலமே. இதற்குப் பல மணி நேரம் ஆகும். ஆகவே குடித்தவர் உறங்கப் போய்விடுகிறார். மறுநாள் கண் மங்கியபின்தான் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்கிறார்கள். மருத்துவர் கொடுக்கும் முறிவு மருந்துகளில் ஒன்று பொமிபிசோல். விலை கூடியது, எளிதில் கிடைக்காதது. மற்றொன்று எத்தனால், அதாவது குடிக்கும் சாராயத்தில் உள்ள அதே பொருள், தூய நிலையில், அளந்து, மருத்துவக் கண்காணிப்பில் தரப்படுவது. எத்தனால் அந்த நொதியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் மெத்தனால் மாற்றமடையாமல் வெளியேறுகிறது. உள்ளடக்கம் தெரியாத சாராயத்தால் சாகக் கிடப்பவரை, அளவு தெரிந்த சாராயம் பிழைக்க வைக்கிறது. மருத்துவமனைக்குள் இதைக் கேட்டு எவரும் முகஞ்சுளிப்பதில்லை. மருத்துவமனைக்கு வெளியே இதே தருக்கத்தைச் சொன்னால் ஒழுக்கக்கேடு என்கிறார்கள்.

இந்தத் தருக்கத்திற்கு உலகெங்கும் வழங்கும் பெயர் தீங்குக் குறைப்பு. பழக்கத்தை இன்றே விட முடியாதவர் நாளை வரை உயிரோடு இருக்க வழிசெய்வதே அதன் முதற்பணி. தூய ஊசி தருவது, மாற்று மருந்து தருவது, மிகையளவில் மயங்கியவரை எழுப்பும் நலாக்ஸோனைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது ஆகியன அதன் வழிகள். கள்ளச்சந்தைச் சரக்குக்குப் பதிலாகத் தரமும் அளவும் உறுதியான மருந்தை மருத்துவச் சீட்டின் பேரில் அரசே வழங்குவதற்குப் பாதுகாப்பான வழங்கல் என்று பெயர்.

கேரளம் இதை ஒருமுறை முயன்றது என்பது பலருக்கு மறந்திருக்கும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மதுக்கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது, கடுங்குடிப் பழக்கம் உள்ளோரிடையே தற்கொலைகள் நிகழ்ந்தன. அண்டையில் தமிழ்நாட்டிலும் சவரத் திரவத்தைக் குடித்து இறந்தார்கள். மார்ச் 30 அன்று இடது ஜனநாயக முன்னணி அரசு ஓர் ஆணை பிறப்பித்தது: மதுவை நிறுத்தியதால் நோவுக்குள்ளானவர் என்று மருத்துவர் சான்றளித்தால், கலால் துறை அனுமதிச்சீட்டு தரும், அதன்மீது மது வழங்கப்படும். அரசு மருத்துவர் சங்கம் கருப்புப் பட்டை அணிந்து எதிர்த்தது. ஏப்ரல் 2 அன்று கேரள உயர்நீதிமன்றம் ஆணைக்கு இடைக்காலத் தடை விதித்தது.

மருத்துவர்களின் எதிர்ப்பில் அறிவியல் நியாயம் இருந்தது. குடியை நிறுத்துவதால் வரும் நடுக்கத்திற்கும் வலிப்பிற்கும் ஏற்புடைய சிகிச்சை பென்ஸோடயஸபைன் வகை மருந்துகளே. மதுவையே மருந்துச்சீட்டில் எழுது என்று அரசு கட்டளையிடுவது மருத்துவ முறைமைக்குப் பொருந்தாது. ஆனால் அன்றைய விவாதத்தில் கேட்கப்படாமல் போன கேள்வி ஒன்று உண்டு. அந்தச் சிகிச்சையைத் தரும் படுக்கை எத்தனை ஊர்களில் இருந்தது? ஆணையைக் கேலி செய்த ஊடகங்கள் அதைக் கேட்கவில்லை. ஆணை பிறப்பித்த அரசும் அதை உரக்கப் பேசவில்லை.

அபினி வகைப் பொருட்களின் நிலை வேறு. அங்கே மாற்று வழங்கல் என்பது பல பத்தாண்டு மருத்துவச் சான்றுள்ள சிகிச்சை. ஒன்றிய அரசின் சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் அபினி வகைப் பொருட்களைப் பயன்படுத்துவோர் ஏறத்தாழ 2 கோடியே 26 லட்சம் பேர். அவர்களுள் உதவி தேவைப்படும் நிலையில் இருப்போர் சுமார் 77 லட்சம். ஊசி வழியே போதைப்பொருள் ஏற்றிக்கொள்வோர் எட்டரை லட்சம். ஹெராயின் மட்டுமே இதில் அடங்கியிருப்பதாக எண்ண வேண்டாம். மருந்துக்கடையில் விற்கும் வலி நிவாரணிகளைத் தவறாகப் பயன்படுத்துவோரும் ஏறக்குறைய அதே அளவில் உள்ளனர். வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிய இளைஞர்கள் கைது என்ற செய்தி கோவை வட்டாரத்தாருக்குப் புதியதன்று. மாத்திரையில் உள்ள மாவும் சுண்ணப்பொடியும் நரம்பை அடைத்துப் புண்ணாக்குகின்றன. பகிர்ந்த ஊசி மஞ்சள்காமாலைக் கிருமியையும் எச்.ஐ.வி.யையும் கடத்துகிறது.

2025 மார்ச்சில் மலப்புறம் மாவட்டம் வளாஞ்சேரியில் ஊசியைப் பகிர்ந்துகொண்ட குழுவினருள் பத்துப் பேருக்கு எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. புலம்பெயர் தொழிலாளர்களும் அவர்களுள் இருந்தனர். மணிப்பூர் 1990ஆம் ஆண்டை ஒட்டி இதே பாதையில்தான் பேரழிவைச் சந்தித்தது. காவல்துறைக்கு அஞ்சி ஊசியை ஒளித்து வைத்தார்கள். ஒளித்த ஊசி பல கைகள் மாறியது.

புப்ரினார்பின் என்ற மாத்திரையை நாவின் கீழ் வைத்துக் கரைத்தால், அது மூளையில் அபினிப் பொருட்கள் ஒட்டும் அதே இடங்களில் ஒட்டிக்கொள்கிறது. நிறுத்தியதால் வரும் நோவு தணிகிறது. ஆனால் ஓர் அளவுக்கு மேல் உட்கொண்டாலும் அதன் வினை அதே விகிதத்தில் ஏறுவதில்லை. தனித்து எடுத்தால் மூச்சை அடக்கிக் கொல்லும் வாய்ப்பு ஹெராயினைவிட மிகக் குறைவு. அதை உண்டவர் வேலைக்குப் போகலாம். கஞ்சிக்கோட்டுத் தொழிற்கூடத்தில் இரவுப்பணி பார்ப்பவருக்கு இதன் பொருள் புரியும். பழக்கத்தை ஒரேயடியாக நிறுத்திவிடும் முகாம்களில் உள்ள ஆபத்தையும் சேர்த்தே பேச வேண்டும். சில வாரங்கள் பூட்டி வைத்து வெளியே விடப்பட்டவரின் உடல் பழைய அளவைத் தாங்கும் திறனை இழந்திருக்கும். பழைய நண்பரைச் சந்தித்துப் பழைய அளவையே ஏற்றிக்கொண்டால் மரணம். சிறையிலிருந்து வெளிவரும் முதல் வாரங்களும் இத்தகையவை. சிறைக் கதவையும் முகாம் கதவையும் மட்டுமே நம்பும் கொள்கை, கதவு திறக்கும் நாளைப் பற்றி யோசிப்பதில்லை.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-08 முதல் புப்ரினார்பினையும், 2012 முதல் மெத்தடோனையும் தன் திட்டத்தில் வழங்கி வருகிறது. ஊரடங்குக் காலத்தில் பல நாட்களுக்கான மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பவும் அனுமதித்தது. கேரளத்தில் மதுச்சீட்டுக்குத் தடை விழுந்த அதே பருவத்தில், நாட்டின் பிற பகுதிகளில் அபினி மாற்று மருந்து சத்தமின்றி வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. பஞ்சாப் 2017 முதல் புறநோயாளி மையங்களின் வழியே இதைப் பெருமளவில் விரிவுபடுத்தியது. நாட்டளவில் மட்டும், 77 லட்சத்தின் முன்னே எய்ட்ஸ் திட்டத்தின் எண்ணிக்கை சில பத்தாயிரங்களே.

சட்டம் தடுக்கிறது என்பார்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கொடியது என்பதில் ஐயமில்லை. வெறும் பயன்பாட்டுக்கே 27ஆம் பிரிவு சிறை விதிக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 71ஆம் பிரிவைத் தோழர்கள் ஒருமுறை படிக்க வேண்டும். பழக்கத்துக்கு ஆட்பட்டோருக்குச் சிகிச்சை மையங்களை அமைக்க அரசுக்கு அதிகாரம் தருவதோடு, பதிவு பெற்றோருக்கு அப்பொருட்களையே வழங்கவும் அது இடமளிக்கிறது. பாதுகாப்பான வழங்கல் என்பது கனடாவிலிருந்து இறக்குமதியான எண்ணம் என்போர் தம் நாட்டுச் சட்டப் புத்தகத்தையே புரட்டவில்லை. ராஜஸ்தானில் கசகசாத் தோட்டை அனுமதி பெற்றோருக்கு உரிமக் கடைகள் விற்றுவந்தன. 2015 ஏப்ரலில் அது முடிவுக்கு வந்தது. பல ஆண்டுகளாக அரசறிய அதை உண்டுவந்த முதிய உழவர்கள் திடீரெனக் குற்றவாளிகளாயினர்.

போதையின் வணிகத்தை அறியாமல் இந்தக் கோரிக்கையை எழுப்பினால் அது தவறான கைகளுக்குப் போய்ச்சேரும். காஜிப்பூரில் இன்று ஒன்றிய அரசு நடத்தும் அபினித் தொழிற்சாலை கிழக்கிந்தியக் கம்பெனி விட்டுச் சென்றது. அங்கிருந்தும் பாட்னாவிலிருந்தும் போன அபினிப் பெட்டிகளுக்காகவே சீனத்தின்மீது இரண்டு போர்கள் தொடுக்கப்பட்டன. 1858இல் நியூயார்க் டெய்லி டிரிபியூன் ஏட்டில் மார்க்ஸ் அந்த வணிகத்தின் கணக்கை அம்பலப்படுத்தினார். 1996இல் ஆக்ஸிகான்டினைச் சந்தைக்குக் கொண்டுவந்த பர்டியூ நிறுவனம், பழக்கமாகும் ஆபத்து குறைவு என்று மருத்துவர்களை நம்பவைத்து அமெரிக்க உழைக்கும் மக்களின் ஊர்களைச் சூறையாடியது. 2007இலும் 2020இலும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. தாராளமான வழங்கலே அங்கு அழிவைத் தந்தது என்று எதிர்ப்போர் சொல்வது பொய்யன்று. ஆயினும் அங்கே வழங்கியது இலாபம். பின்னர் மாத்திரையைத் திடீரென நிறுத்தியபோது ஹெராயினுக்கும் பென்டனிலுக்கும் மக்களைத் தள்ளியதும் அதே சந்தை.

கனடாவின் அனுபவத்தையும் மிகைப்படுத்தக் கூடாது. பென்டனில் கலந்த சரக்கால் 2016இல் நெருக்கடிநிலை அறிவித்த பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம், 2020 முதல் மருந்துத் தரமுள்ள மாற்றுகளைச் சீட்டில் வழங்கியது. ஒரு வாரத்தில் நான்கு நாட்களோ அதற்கு மேலோ அவற்றைப் பெற்றவருக்கு அடுத்த வாரத்தில் இறப்பு வாய்ப்பு 91 விழுக்காடு குறைந்திருந்ததாக 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. மாத்திரைகள் வெளியே விற்கப்படுகின்றன என்ற குற்றச்சாட்டு வலுத்து, 2025இல் மாகாண அரசு கண்காணிப்பில் உட்கொள்ளும் முறைக்குத் திரும்பியது. சுவிட்சர்லாந்து 1994 முதல் மருத்துவ ஹெராயினையே வழங்குகிறது. அங்கே தொடக்கத்திலிருந்து கண்காணிப்பு உண்டு. 2008 பொதுவாக்கெடுப்பில் 68 விழுக்காட்டினர் அதை ஆதரித்தனர். இந்தியச் சூழலுக்கு ஏற்றது இரண்டாவது பாதை என்பதில் தயக்கம் தேவையில்லை: பொதுத்துறை ஆலை, பொது மருத்துவமனை, விளம்பரமில்லாத வழங்கல்.

வெளியே கசிந்துவிடும் என்ற அச்சத்துக்குக் கேரளமே விடையளித்திருக்கிறது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் உரிமக் கெடுபிடியால், அபினி விளையும் நாட்டிலேயே புற்றுநோயாளிக்கு மார்பின் கிடைக்கவில்லை. 1997இல் நாடு முழுவதன் மருத்துவப் பயன்பாடும் 18 கிலோ அளவுக்குச் சுருங்கியிருந்தது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி மற்றும் சாந்துவப் பராமரிப்புக் கழகம் வாய்வழி மார்பினை நோயாளிகளின் வீட்டுக்கே கொடுத்தனுப்பியது. இரண்டாண்டுகளில் 1,700க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு வழங்கியதில் கசிவுக்குச் சான்றில்லை என்று 2001இல் லான்செட் இதழில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் பிறரும் எழுதினர். 2008இல் இம்மாநிலம் சாந்துவப் பராமரிப்புக்கெனத் தனிக்கொள்கை அறிவித்தது. புற்றுநோயாளியும் போதைக்கு ஆட்பட்டவரும் ஒன்றல்லர் என்பது உண்மை. ஆயினும் கணக்கேட்டையும் பூட்டிய அலமாரியையும் ஒரு செவிலியரையும் கொண்டு இதை நடத்த முடியும் என்பதற்கு அது சான்று.

ஒரு வரம்பையும் சொல்லியாக வேண்டும். இளைஞரிடையே பரவும் எம்.டி.எம்.ஏ.வுக்கு இத்தகைய மாற்று மருந்து இல்லை. அங்கே தூய ஊசி, ஆலோசனை, மனநல சிகிச்சை, வேலை இவையே உண்டு. எல்லாப் போதைக்கும் ஒரே சாவி என்று எவரும் மேடையில் முழங்க வேண்டாம்.

2016 நவம்பரில் தொடங்கிய விமுக்தி இயக்கத்தின் கீழ் மாவட்டந்தோறும் சிகிச்சை மையம் அமைந்தது. பாலக்காடு மாவட்டத்துக்கு அது அட்டப்பாடியில், கோட்டத்தறை அரசு பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனையில் அமைந்தது. அட்டப்பாடியின் துயரத்துக்கு அது வேண்டிய இடமே. ஆனால் செல்லங்காவிலிருந்து அங்கே போக வேண்டுமானால், பாலக்காடு சென்று மண்ணார்க்காட்டு மலைப்பாதை ஏற வேண்டும். அல்லது எல்லை கடந்து கோவை சென்று ஆனைகட்டி வழியே மீண்டும் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். இடையிலிருப்பது மலை. தினமும் கண்காணிப்பில் உட்கொள்ள வேண்டிய மாத்திரைக்காகத் தினக்கூலி ஒருவர் எத்தனை நாள் இப்படிப் போய்வருவார்? புதுச்சேரி ஊராட்சியிலும் சித்தூர் வட்டத்திலும் தமிழ் பேசும் தொழிலாளிக்கு, அவர் மொழியில் பேசும் ஆலோசகரோடு, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மருந்தும் ஊசியும் நலாக்ஸோனும் கிடைக்க வேண்டும் என்ற மனுவைப் பகுதிக்குழுக்கள் இம்மாதமே மாவட்ட மருத்துவ அலுவலரிடம் அளிக்கலாம். எல்லையின் இருபுறமும் ஒரே மனுவாக அது போகட்டும். கோவை ஆட்சியரிடமும் ஒரு படி.