மூன்றாவது கம்பி
(எமது சங்கத்தின் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



எம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியை ஈரக்காலோடு தொட்டால் விரலிற் சுள்ளென்று ஏறும். ஆச்சி அதற்கு ஒரு பரிகாரங் கண்டார். பெட்டியின்முன் ஒரு பலகையைப் போட்டார். சுள்ளென்பது நின்றது, குற்றமோ நிற்கவில்லை. இத்தகைய பலகையும் செருப்பும் எத்தனையோ வீடுகளில் உள. ஆகவே இன்று மூன்றாவது கம்பியாகிய புவிக்கம்பியைப் பற்றிப் பேச விழைகின்றோம்.

உயிர்க்கம்பி அறுந்தால் விளக்கு அணையும். நொதுமற்கம்பி அறுந்தாலும் அணையும். புவிக்கம்பி அறுந்தாலோ ஒன்றும் நிகழாது. பெட்டி குளிரும், மின்னழுத்தி சுடும். ஆதலால் "வேலை செய்கிறதுதானே" என்னும் சொல் இங்கே சான்றாகாது. நாமாகத் தேடினாலன்றி இக்குறை வெளிப்படாது.

உலோக உடலில் மின் உறைக்கிறதெனின், பெரும்பாலும் குற்றம் ஒன்றன்று, இரண்டு. உள்ளே மின் கசிகிறது. கசிந்ததைக் கொண்டுசெல்லப் புவிக்கம்பி இல்லை. இவ்விரண்டையும் தனித்தனியே தேடவேண்டும்.

முதலிற் பிரதான ஆளியை நிறுத்திச் செருகியைக் கழற்றுக. ஓம்மானியின் ஒரு முனையைச் செருகியின் நீண்ட காலிலும், மறுமுனையைப் பூச்சற்ற உலோகத்திலும் வைக்க. ஓர் ஓமுக்குக் குறைவாயின் வடம் நன்று. இல்லையெனிற் செருகியைத் திறந்து, பச்சையும் மஞ்சளுமான கம்பி கழன்றுள்ளதா என்று நோக்குக. அடுத்து உயிர்க்காலுக்கும் உலோகத்துக்கும் இடையே அளக்க. இங்கே தொடர்பு இருத்தலாகாது. சிறு மின்கலத்தில் இயங்கும் கருவிக்கு ஈரக்கசிவு அகப்படாமலும் போகலாம். 500 உவோற்றில் அளக்கும் மெகர் ஒரு மெகாஓமுக்கு மேல் காட்டுதல் வேண்டும்.

இனி, சொக்கற்று என நாம் வழங்கும் சுவர்க்குதை. மின் உள்ள குதையை அளப்பது பயின்றவர் வேலை. உயிருக்கும் நொதுமலுக்கும் இடையே சுமார் 230 உவோற்று. உயிருக்கும் புவிக்கும் இடையேயும் ஏறக்குறைய அதுவே. பின்னது குறைந்து அலையுமாயின் புவிக்கம்பி அறுந்துள்ளதென ஐயுறலாம். சரியாகக் காட்டினும் அமைதி கொள்ளலாகாது; ஓர் இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் உவோற்றுமானி நல்லபடியே காட்டும். புவித்தடையை அளக்கும் கருவியே முடிவு சொல்லும்.

"ரிப் சுவிச் இருக்கிறதே, அதன் பொத்தானை அழுத்தினால் விழுகிறதே" என்பீர்கள். அப்பொத்தான் சுவிச்சை மட்டுமே சோதிக்கும். புவிக்கம்பி இல்லாத வீட்டிலும் அது விழும். புவிக்கம்பி அற்றவிடத்துக் கசிவு வெளியேற வழியில்லை. ஒருவர் தொடும்போது அவர் உடலே மூன்றாவது கம்பியாகின்றது. அதன் பின்னரே சுவிச் விழும்.

புவிக்கம்பி இருந்து சுவிச் இல்லையெனினும் ஆபத்தே. முற்றத்துப் புவிக்கோலின் தடை 20 ஓம் என்க. 230ஐ 20ஆல் வகுக்க வருவது 11.5 அம்பியர், 15 அம்பியர் உருகி அதற்கு உருகாது. 30 மில்லியம்பியரில் விழும் சுவிச்சோ உடனே விழும். கோடையில் மண் உலரத் தடை மேலும் ஏறும். ஆதலின் இரண்டும் வேண்டும்.

எம் பெட்டியின் கதைக்கு வருவோம். வடம் நன்றாகவே இருந்தது. மின்வேலையாளர் ஒருவரை அழைத்துக் குதையைத் திறப்பித்தோம். புவிக்கம்பி எதனோடும் பூட்டப்படாமற் பின்னே மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதைப் பூட்டிப் பெட்டியை இயக்கியதும் ரிப் சுவிச் விழுந்தது. "நல்லா ஓடின பெட்டியையெல்லே கெடுத்துப்போட்டாய், தம்பி!" என்றார் ஆச்சி. கெடுக்கவில்லை, அதுகாறும் ஆச்சியின் விரல் மட்டுமே அறிந்திருந்த கசிவை அன்றுதான் வீடு முழுவதும் அறிந்தது. பெட்டியைத் திருத்தும்வரை கழற்றியே வைத்தோம்.

அன்பர்களே, சுவிச் விழுந்தால் புவிக்கம்பியைக் கழற்றிவிடும் வழக்கமும் எம்மிடையே உண்டு. அது காவற்காரன் கூவுகிறான் என்று அவனை வெளியேற்றுவது போலாகும். இன்று வீடு சென்றதும் வீட்டிலுள்ளோரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "எதைத் தொட்டால் உறைக்கிறது?" எங்கே பலகை கிடக்கிறதோ, அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.